ஜோர்ஜ் பெகே: பிரான்சில் இயங்கிய இரகசிய வானொலி இயக்குநர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் வீழ்ந்தபின் லண்டனிலிருந்து அந்நாட்டுக்குள் அனுப்பப்பட்ட இரகசிய முகவர்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவர்களில் முன்னோடியான ஜோர்ஜ் பெகேயின் பெயர் பெரும்பாலும் தொடக்கப் பத்தியில் ஒரு வரியாக வந்து அத்துடன் மறைந்துவிடுகிறது. பாலங்களைத் தகர்த்தவர்களும் இரயில்களைக் கவிழ்த்தவர்களும் பெறும் கவனத்தை, மோர்ஸ் சாவியின் முன் அமர்ந்திருந்தவர்கள் பெறுவதில்லை. பகைவரின் நடுவே இருந்துகொண்டு ஒருவர் வானொலியில் எவ்வளவு குறைவாகப் பேசுகிறாரோ அவ்வளவு நீண்ட காலம் உயிரோடு இருப்பார் என்பதை நேரடி அனுபவத்தில் கண்டு, அதற்கு ஒரு மாற்று வழியையும் லண்டனுக்குச் சொன்னவர் பெகே. இங்குள்ள விடைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

ஜோர்ஜ் பெகே யார்?

1911 நவம்பரில் தென்மேற்குப் பிரான்சின் பெரிகோ நகரில் பிறந்த பொறியாளர். இங்கிலாந்தின் ஹல் நகரில் பொறியியல் படித்தபோது ஆங்கிலம் அவருக்கு நன்கு வசப்பட்டது; ஆங்கிலேயப் பெண்ணொருவரை மணந்தார். 1940-இல் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, டன்கர்க் பின்வாங்கலின்போது இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த அவர், அங்கே பிரிட்டிஷ் தகவல்தொடர்புப் படையில் இணைந்தார். பிரெஞ்சுக்காரராகவே பிறந்து வளர்ந்தவர், இரு மொழியும் அறிந்தவர், வானொலியின் உள்ளமைப்பும் தெரிந்தவர் என்ற மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து அமைவது அன்று மிக அரிது. எஸ்.ஓ.ஈ. அமைப்பின் கண்ணில் அவர் பட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எஸ்.ஓ.ஈ. என்பது என்ன? அதில் எஃப் பிரிவு எது?

1940 ஜூலையில் பிரிட்டன் தொடங்கிய இரகசிய அமைப்பு அது. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளுக்குள் ஆட்களையும் ஆயுதங்களையும் அனுப்பி, உள்ளூர் மக்களைக் கொண்டே நாசவேலைகளை நடத்துவது அதன் நோக்கம். லண்டனில் பேக்கர் தெருவில் தலைமையகம் இருந்தது. பிரான்சுக்கு மட்டும் அதில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் இருந்தன. தெ கோலின் சுதந்திர பிரெஞ்சு இயக்கத்துடன் சேர்ந்து இயங்கியது ஆர்.எஃப். பிரிவு, தெ கோலைச் சாராமல் பிரிட்டிஷாரின் நேரடிக் கட்டுப்பாட்டில் இயங்கியது எஃப் பிரிவு. பெகே இரண்டாவதைச் சேர்ந்தவர். 1941 செப்டம்பர் முதல் அப்பிரிவுக்கு மொரிஸ் பக்மாஸ்டர் தலைமை தாங்கினார். போர் முடிவதற்குள் நானூறுக்கும் மேற்பட்ட முகவர்களை அது பிரான்சுக்குள் அனுப்பியது.

பிரான்சில் வான்குடையில் இறங்கிய முதல் எஸ்.ஓ.ஈ. முகவர் இவர்தானா?

பல இடங்களில் அப்படி எழுதப்பட்டிருந்தாலும், அது முழுவதும் சரியன்று. 1941 மார்ச்சிலேயே, ஜெர்மன் விமானப்படையின் வழிகாட்டி விமானிகளைத் தாக்கும் திட்டத்தோடு, கேப்டன் பெர்ஜே தலைமையில் ஐந்து சுதந்திர பிரெஞ்சு வீரர்கள் வடமேற்குப் பிரான்சின் பிரித்தானி பகுதியில் வான் (Vannes) என்னும் நகருக்கு அருகே இறக்கப்பட்டார்கள். ‘சவன்னா’ என்று பெயரிடப்பட்ட அந்த முயற்சி இலக்கை எட்டவில்லை. ஆகவே பெகேயை எஃப் பிரிவின் முதல் முகவர் என்றும், நாட்டுக்குள்ளேயே தங்கிப் பணியாற்றும் நோக்கத்துடன் அப்பிரிவால் இறக்கப்பட்ட முதல் வானொலி இயக்குநர் என்றும் சொல்வதே பொருந்தும். அந்தப் பிரிவில் பின்னால் வந்த வானொலி இயக்குநர்களுக்கெல்லாம் ஜார்ஜ் என்ற பெயரையே எண்ணிட்டு வழங்கும் வழக்கம் இவரிடமிருந்து பிறந்தது. இவர் ‘ஜார்ஜ் ஒன்று’.

1941 மே மாதத்தில் அவர் எங்கே, எப்படி இறங்கினார்?

மே 5-ஆம் தேதிக்கும் 6-ஆம் தேதிக்கும் இடைப்பட்ட இரவில், மத்தியப் பிரான்சின் ஆந்த்ர் மாவட்டத்தில், வலான்சே, வத்தான் என்னும் சிற்றூர்களுக்கு இடைப்பட்ட வயல்வெளியில் குதித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. கீழே அவரை எதிர்பார்த்து யாரும் இல்லை. விளக்குக் காட்டவோ வழி சொல்லவோ ஆளில்லாமல், நிலா வெளிச்சத்தை நம்பி இருட்டில் இறங்கும் முறை அது. வானொலி அடங்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே சென்று, முன்னாள் சோஷலிச நாடாளுமன்ற உறுப்பினரான மக்ஸ் இமான்ஸின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

இமான்ஸ் உடனே நம்பிவிடவில்லை. ஜெர்மனிக்குப் பணிந்து தென்பகுதியை ஆண்ட விஷி அரசின் காவல்துறை தன்னைச் சிக்கவைக்க அனுப்பிய ஆளாக இவர் இருக்கக்கூடும் என்று அவர் ஐயப்பட்டதில் நியாயம் உண்டு; நள்ளிரவில் வானத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு வருபவரை அன்றைய பிரான்சில் யார் நம்புவார்கள்? நம்பிக்கை ஏற்பட்டபின் அவர் செய்த உதவி பெரிது. ஷாத்தோரு நகரில் ஒரு மருந்துக் கடைக்காரரும் வாகனப் பட்டறை நடத்திய ஒருவரும் கடிதங்களையும் ஆட்களையும் பெற்றுக் கைமாற்றும் இடங்களாக அமைந்தார்கள். இமான்ஸ் போருக்குப் பின் ஏர் பிரான்ஸ் நிறுவனத்தின் தலைவரானார்.

பெகே அனுப்பிய செய்தி லண்டனை அடைந்த சில நாட்களுக்குள் பியர் தெ வோமேகூர் என்ற பிரெஞ்சுச் சீமான் வந்திறங்கினார். எஃப் பிரிவின் முதல் வலையமைப்பான ‘ஆட்டோஜைரோ’ அவர் தலைமையில் உருவாயிற்று. ஜூன் 13-ஆம் தேதி இரவு, லிமோஜ் அருகே அவருடைய சகோதரர் பிலிப்பின் பா-சொலேய் பண்ணையில் ஆயுதக் கொள்கலன்கள் இரண்டு வந்து விழுந்தன. துணை இயந்திரத் துப்பாக்கிகள், கத்திகள், பிளாஸ்டிக் வெடிமருந்து எனச் சிறிய அளவுதான் என்றாலும், எஃப் பிரிவு பிரெஞ்சு மண்ணுக்கு அனுப்பிய முதல் ஆயுதங்கள் இவையே.

வானொலி இயக்குநரின் அன்றாட வேலை எப்படி இருந்தது?

திரைப்படங்களில் காண்பதைவிட அது சலிப்பானது, அதனாலேயே கடினமானது. கருவி ஒரு சாதாரணப் பயணப் பெட்டிக்குள் அடங்கும். ஆனால் பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் அந்தப் பெட்டியைக் கையில் தூக்கியவுடன் அதன் கனம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். போரின் நடுப்பகுதியில் பரவலான கருவி ஏறத்தாழ 15 கிலோ எடை கொண்டது. துணிமணி நிறைந்த பெட்டியைத் தூக்குபவரின் தோள் அவ்வளவு சாய்வதில்லை. ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தைச் செருக வேண்டும். படிகம் உடைந்தால் அந்த அலைவரிசை இல்லை. சில பத்தடி நீளமுள்ள ஏரியல் கம்பியை அறைக்குள்ளோ கூரையிலோ பரணிலோ வெளியே தெரியாமல் கட்ட வேண்டும்.

செய்தியை முதலில் மறைகுறியாக மாற்ற வேண்டும். தொடக்க ஆண்டுகளில் முகவர் மனப்பாடம் செய்த ஒரு கவிதையிலிருந்து சில சொற்களைத் தேர்ந்து, அவற்றின் எழுத்துகளுக்கு எண்ணிட்டு, அந்த வரிசைப்படி செய்தியின் எழுத்துகளை இரண்டு முறை இடம் மாற்றுவார்கள். ஒரே ஒரு எழுத்தைத் தவறாக எண்ணினாலும் லண்டனில் கிடைப்பது வெறும் எழுத்துக் குவியல்தான். இதை முடித்தபின், முன்கூட்டியே குறிக்கப்பட்ட நாளில், குறிக்கப்பட்ட நேரத்தில், குறிக்கப்பட்ட அலைவரிசையில் அழைக்க வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இங்கிலாந்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒவ்வோர் இயக்குநரின் மோர்ஸ் தட்டும் கை கையெழுத்தைப் போலப் பழகியிருந்தது.

மீதி நேரமெல்லாம் காத்திருத்தல். மற்ற முகவர்களைப் போல ஊர் சுற்றவோ மனிதர்களோடு பழகவோ கூடாது. ஓரிடத்தில் நெடுநாள் தங்கவும் கூடாது. பெகேயின் நிலை இன்னும் மோசம். ஆக்கிரமிக்கப்படாத தென்பகுதியில் எஃப் பிரிவின் சார்பில் லண்டனுடன் பேசக்கூடியவர் நெடுநாள் அவர் ஒருவரே என்பதால், புதிதாக வந்திறங்கிய ஒவ்வொருவரும் தம் செய்தியை அனுப்ப அவரையே தேடிவந்தார்கள். தன்னை ஒதுக்கிக்கொள்ள வேண்டிய ஆள் எல்லோரும் வந்து கூடும் சந்திப்பாக மாறியது அவருடைய பிழையன்று. ஓர் இயக்குநருக்கு மேல் அனுப்ப இயலாத லண்டனின் பற்றாக்குறை அது. வானொலிப் போக்குவரத்தும் 1942-இன் நடுப்பகுதி வரை எஸ்.ஓ.ஈ.யின் சொந்தக் கையில் இல்லை, எஸ்.ஓ.ஈ.யை அவ்வளவாக விரும்பாத பிரிட்டிஷ் உளவுத்துறைதான் அதை நடத்திவந்தது.

வானொலி அலை எப்படி ஆளைக் காட்டிக்கொடுக்கும்?

ஒலிபரப்பு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைச் சுழலும் ஏரியல் கொண்டு கண்டறியலாம். இரண்டு மூன்று இடங்களிலிருந்து அந்தத் திசைகளை அளந்து வரைபடத்தில் கோடிட்டால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நகரம் தெரிந்துவிடும். பின்னர் மூடிய வண்டிகளில் அதே வகைக் கருவிகளை ஏற்றி அந்த நகரத் தெருக்களில் திரிவார்கள். கடைசிக் கட்டத்தில் மேலங்கிக்குள் சிறு கருவியை மறைத்துக்கொண்டு ஒருவர் நடந்தே வருவார். நகரின் மின்சாரத்தைப் பகுதி பகுதியாகத் துண்டித்து, எந்தப் பகுதியில் துண்டிக்கும்போது ஒலிபரப்பு நிற்கிறது என்று பார்ப்பதும் உண்டு.

இவை அனைத்துக்கும் வேண்டியது நேரம். ஐந்து நிமிடத்தில் முடித்துக் கருவியை மூடிவிட்டால் பிடிப்பது கடினம். அரைமணி நேரம் ஒரே இடத்திலிருந்து தட்டிக்கொண்டிருந்தால் கதவு தட்டப்படும். பெகே பேசத் தொடங்கிய சில நாட்களிலேயே அவருடைய அலைவரிசையில் இடையூறு ஒலிகள் வரத் தொடங்கின. ஷாத்தோருவில் திசையறியும் வண்டிகள் தேடின. ஆயுதம் எங்கே வேண்டும், ஆள் எப்போது வருகிறார், எந்த வயலில் விளக்குக் காட்ட வேண்டும் என்று நீண்டுகொண்டே போகும் கேள்வி பதில்களே அவரை நெடுநேரம் ஒலிபரப்பில் இருக்கவைத்தன.

பிபிசியின் ‘தனிப்பட்ட செய்திகள்’ இவருடைய யோசனையா?

ஆம். அவர் வாழ்க்கையில் செய்த பெரும் காரியம் எது என்று கேட்டால், வான்குடையில் குதித்ததையோ சிறையிலிருந்து தப்பியதையோ விட இதையே சொல்ல வேண்டும்.

லண்டன் முகவருக்குச் சொல்ல வேண்டியதை மோர்ஸில் அனுப்பினால், முகவர் கருவியைத் திறந்து, பெற்று, பெற்றதை உறுதிசெய்து பதில் தட்ட வேண்டியிருக்கிறது. அதைவிட, ஏற்கெனவே பிரான்ஸ் முழுவதும் கேட்கப்படும் பிபிசியின் பிரெஞ்சு ஒலிபரப்பிலேயே முன்கூட்டிப் பேசிவைத்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் என்ன என்று பெகே கேட்டார். அந்த வாக்கியத்துக்குத் தனியே பொருள் எதுவும் இருக்காது. ‘ழானுக்கு நீண்ட மீசை இருக்கிறது’ என்ற வகையில், கேட்பவர்களில் இலட்சக்கணக்கானவர்களுக்கு அது வேடிக்கை. ஒரே ஒரு குழுவுக்கு மட்டும் ‘இன்றிரவு விமானம் வருகிறது’ என்ற அறிவிப்பு. அதைப் பெற முகவருக்கு மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை, மறைகுறி வேண்டியதில்லை, ஒலிபரப்பும் கருவியே வேண்டியதில்லை. அடுக்களையில் இருக்கும் சாதாரண வானொலிப் பெட்டி போதும். எதிரி அதே வாக்கியத்தைக் கேட்டாலும், அது யாருக்கு, எந்த வயலுக்கு என்று அறிய வழியில்லை.

நடைமுறை இவ்வாறு அமைந்தது. குழுவினர் விமானத்திலிருந்து பொருள் போட ஏற்ற நிலத்தைத் தேர்ந்து, அதன் இருப்பிடத்தையும் அதற்குரிய வாக்கியத்தையும் லண்டனுக்கு ஒருமுறை அனுப்பிவிடுவார்கள். பிறகு அவர்கள் தரப்பில் பேச்சே இல்லை. நிலா வளரும் நாட்களில் மாலைச் செய்திக்குப் பின் வரும் வாக்கியங்களைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். தங்கள் வாக்கியம் வந்தால் வயலுக்குப் போவார்கள். வராவிட்டால் உறங்கப் போவார்கள். பிபிசியைக் கேட்பதற்குத் தடை இருந்தது, இரைச்சலைக் கலந்து ஒலிபரப்பையும் குலைத்தார்கள். ஆயினும் அந்தக் குற்றத்தைச் செய்யாத வீடு பிரான்சில் குறைவு என்பதால், கூட்டத்தோடு கூட்டமாக முகவரும் மறைந்துகொண்டார்.

இன்னொரு பயனும் கிடைத்தது. ஒரு முகவர் செல்வர் ஒருவரிடம் கடனாகப் பணம் கேட்கிறார், போர் முடிந்தபின் லண்டன் திருப்பித் தரும் என்கிறார். அவர் உண்மையான முகவரா, ஏமாற்றுக்காரரா என்று எப்படி அறிவது? பணம் தருபவரே தமக்குப் பிடித்த வாக்கியம் ஒன்றைச் சொல்வார். சில நாட்களில் அது பிபிசியில் ஒலித்தால் ஐயம் தீர்ந்தது. அடையாள அட்டையை வெளியே காட்ட இயலாத தொழிலில் இதைவிட நல்ல சான்று அமைந்திருக்க முடியாது.

1944 ஜூன் 5-ஆம் தேதி இரவு, நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன், பிரான்ஸ் முழுவதும் இருந்த குழுக்களுக்கான கட்டளைகள் இந்த வழியாகவே சென்றன. பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனின் கவிதை வரிகள் அந்த நாட்களில் வாசிக்கப்பட்டது பலருக்கும் தெரிந்த செய்தி. அவை எதிர்ப்பியக்கம் முழுமைக்குமான அழைப்பு என்று பொதுவாக எண்ணப்பட்டாலும், உண்மையில் ஒரு குறிப்பிட்ட வலையமைப்பை நோக்கியவை. அதன் தலைவர், முதல் ஆயுதங்கள் விழுந்த பா-சொலேய் பண்ணையின் பிலிப் தெ வோமேகூர்.

அவர் எப்படிப் பிடிபட்டார்?

திசையறியும் வண்டியால் அல்ல, ஒரு முகவரியால். 1941 அக்டோபர் 10-ஆம் தேதி இரவில் வான்குடையில் வந்த நால்வரில் ஒருவர் தோழர்களிடமிருந்து விலகி வெகு தொலைவில் விழுந்தார். மறுநாளே காவலரிடம் சிக்கினார். மார்சேய் நகரில் ‘வில்லா தே புவா’ என்ற வீடு, வருபவர்கள் சேர வேண்டிய இடமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அந்த வீடு காவலருக்குத் தெரியவந்தது இவ்வழியாகத்தான் என்பதே பரவலான விளக்கம். அவர்கள் வீட்டுக்குள் அமர்ந்துகொண்டு, வருபவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். அக்டோபர் 24-ஆம் தேதி பெகேயும் அந்தக் கதவைத் தட்டினார். அங்கே தங்கியிருந்த முகவர் காட்டிக்கொடுத்தார் என்ற சந்தேகம் கைதிகளிடையே நெடுங்காலம் நிலவியது. ஆனால் அந்த மனிதரே பின்னர் ஜெர்மானியரிடம் பிடிபட்டு வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டவர் என்பதால், அந்தக் குற்றச்சாட்டை அப்படியே ஏற்பது முறையன்று. எல்லோருக்கும் ஒரே முகவரியைக் கொடுத்தனுப்பியதுதான் இதில் முதன்மையான தவறு.

அவர் கைதானதால் லண்டனுக்கு நேர்ந்த இழப்பு என்ன?

தென்பகுதியில் எஃப் பிரிவுக்குக் குரலே இல்லாமற்போயிற்று. வட பகுதியில் ‘ஆட்டோஜைரோ’வின் இயக்குநராக இருந்த ஆந்த்ரே பிளோக்கும் நவம்பரில் கைதானார், 1942 பிப்ரவரியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கைநிறையத் திட்டங்களுடன் பாரிசில் இருந்த பியர் தெ வோமேகூருக்கு லண்டனுடன் பேச வழியில்லை. அந்த நெருக்கடியில், தம்மிடம் வானொலி உண்டு என்று சொன்ன ஒரு பெண்ணிடம் அவர் அழைத்துச் செல்லப்பட்டார். ‘பூனை’ என்று அறியப்பட்ட மத்தில்ட் கரே அவர். போலந்து அதிகாரியான ரோமன் செர்னியாவ்ஸ்கியின் ‘இன்டராலியே’ உளவு வலையமைப்பில் முன்பு பணியாற்றிய அவர், நவம்பரில் ஜெர்மன் இராணுவ உளவுத்துறையிடம் பிடிபட்டு, ஹூகோ பிளைக்கர் என்பவரின் கட்டுப்பாட்டில் அவர்களுக்காக வேலை செய்துகொண்டிருந்தார். வோமேகூரின் செய்திகள் ஜெர்மானியரின் கைவழியே லண்டன் சென்றன.

சில வாரங்களில் வோமேகூருக்கு உண்மை விளங்கியது. அவர் அப்பெண்ணை நேருக்கு நேர் கேட்டு ஒப்புக்கொள்ளவைத்ததும், ஜெர்மானியரையே நம்பவைத்து 1942 பிப்ரவரி இறுதியில் அவரையும் அழைத்துக்கொண்டு பிரித்தானிக் கடற்கரையிலிருந்து படகில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் தனிக் கதை. ஏப்ரலில் அவர் மீண்டும் பிரான்சில் குதித்தார், அம்மாதமே பிடிபட்டார். ‘ஆட்டோஜைரோ’ அத்துடன் முடிந்தது. ஒரு வானொலி இயக்குநர் சிறைப்பட்டதும் ஒரு வலையமைப்பே எதிரியிடம் கையேந்தும் நிலைக்கு வந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எஃப் பிரிவின் வரலாற்றில் இல்லை.

சிறையில் அவர் சித்திரவதை செய்யப்பட்டாரா? மோசாக் முகாமிலிருந்து எப்படித் தப்பினார்?

அவரைப் பிடித்தது ஜெர்மன் இரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ அன்று, விஷி அரசின் பிரெஞ்சுக் காவல்துறை. உயிர் தப்பியதற்கு இந்த வேறுபாடே காரணம் எனலாம். இருப்பினும் தொடக்கத்தில் அடைக்கப்பட்ட சிறை கொடியது. குளிரும் பசியும் அழுக்கும் நிறைந்த அந்தச் சிறை அவர் பிறந்த பெரிகோவிலேயே இருந்தது. 1942 மார்ச்சில் அவரும் தோழர்களும் தோர்தோஞ்ஞ் ஆற்றங்கரையிலுள்ள மோசாக் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள்.

தப்பும் ஏற்பாட்டின் வெளிப்புறத்தை நடத்தியவர்கள் இரு பெண்கள். ஒருவர், கைதிகளில் ஒருவரான முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ழான் பியர்-பிளோக்கின் மனைவி கபி. மற்றவர், லியோனில் பத்திரிகையாளராக நடமாடிய அமெரிக்கப் பெண்மணி வர்ஜீனியா ஹால். ஒரு கால் செயற்கைக் காலாக இருந்தும் எஃப் பிரிவின் மிகத் திறமையான முகவர்களில் ஒருவர் அவர். கபி முகாமுக்கு உணவுப் பொருட்களோடு வருவார். அவற்றுக்கு இடையே அரமும் பிற சிறு கருவிகளும் ஒளிந்திருக்கும். குடிசைக் கதவின் பூட்டுக்கு பெகே மென்மையான ரொட்டியை அழுத்தி அச்செடுத்தார். கிடைத்த உலோகத்தை அராவி அராவிச் சாவியாக்கினார். கையில் ஒரு பொறியாளர் இருந்தது அந்தக் கைதிகளின் நற்பேறு.

இதைவிட வியப்பானது மற்றொன்று. முதல் உலகப் போரில் கால்களை இழந்த முதிய பாதிரியார் ஒருவர் சக்கர நாற்காலியில் கைதிகளைக் காண வருவார். ஒருமுறை அவருடைய அங்கியின் அடியில் ஒரு வானொலிக் கருவி உள்ளே வந்தது. கைதிகள் முகாமின் குடிசையில் அமர்ந்துகொண்டு பெகே லண்டனை அழைத்தார்.

ஜூலை 16-ஆம் தேதி விடிவதற்கு முன், கதவைத் திறந்து, முள்வேலியின் அடியில் பழைய கம்பளமொன்றை விரித்து, அதன்மேல் ஒருவர் பின் ஒருவராக ஊர்ந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். ஏற்கெனவே வசப்படுத்தப்பட்ட ஒரு காவலரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். விவரம் அறியாத இன்னொரு காவலர் எதிர்ப்பட்டு, போவது ஆங்கிலேயர்களா என்று கேட்டார் என்றும், ஆமாம் என்று விடை வந்ததும், அப்படியானால் இவ்வளவு சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. காட்டில் பதுங்கியிருந்து, தேடுதல் தணிந்தபின் லியோனுக்கும், அங்கிருந்து பிரனீஸ் மலை தாண்டி ஸ்பெயினுக்கும் போனார்கள். பெகே 1942 இலையுதிர் காலத்தில் லண்டன் வந்து சேர்ந்தார்.

அதன் பிறகு மீண்டும் பிரான்சுக்குச் சென்றாரா?

முகவராகச் செல்லவில்லை. முகம், பெயர், கைரேகை எல்லாம் விஷி காவல்துறையிடம் இருந்தன. எஃப் பிரிவின் தகவல்தொடர்பு அதிகாரியாக லண்டனில் அமர்த்தப்பட்டார். களத்தில் பட்ட பாடுகள் மேசைக்கு வந்து சேர்ந்தன.

அந்தக் காலத்தில் சூழலும் மாறிக்கொண்டிருந்தது. எஸ்.ஓ.ஈ.க்குச் சொந்த வானொலி நிலையங்கள் அமைந்தன. மறைகுறிப் பிரிவில் லியோ மார்க்ஸ் என்ற இளைஞர், கவிதை மறைகுறி ஆபத்தானது என்று விடாமல் வாதாடினார். குழம்பிய செய்தி வந்தால், மறுபடி அனுப்பும்படி முகவரைக் கேட்பதற்குப் பதிலாக, இங்கிலாந்தில் இருந்த பெண் பணியாளர்கள் எத்தனை ஆயிரம் முயற்சி செய்தேனும் அதை உடைத்துப் படிக்க வேண்டும் என்றார் அவர். பின்னர் பட்டுத் துணியில் அச்சிட்ட மறைகுறித் திறவுகோல்கள் வந்தன. பயன்படுத்திய வரியை வெட்டி எரித்துவிடலாம். பெகேயும் மார்க்ஸும் வெவ்வேறு வழியில் நாடியது ஒன்றையே: முகவர் தட்ட வேண்டிய நிமிடங்களைக் குறைப்பது.

நூர் இனாயத் கானும் இதே பிரிவில்தானே இருந்தார்?

ஆம். இந்திய வாசகர்கள் நன்கறிந்த பெயர் என்பதால் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. திப்பு சுல்தானின் வழிவந்தவரான நூர், எஃப் பிரிவு பிரான்சுக்கு அனுப்பிய முதல் பெண் வானொலி இயக்குநர். 1943 ஜூனில் அவர் சென்ற சில நாட்களிலேயே பாரிசின் ‘பிராஸ்பர்’ வலையமைப்பு சிதைந்தது. பெகேயைப் போலவே அவரும் பலருக்காகத் தனியாகப் பேச வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார், அக்டோபரில் ஜெர்மானியரிடம் கைதானார், 1944 செப்டம்பரில் டாஹாவ் முகாமில் கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டு இடைவெளியில் இருவருக்கும் ஒரே சுமை நேர்ந்தது. பிடித்தது யார் என்பதில்தான் முடிவு மாறியது.

போருக்குப் பின் அவர் என்ன ஆனார்?

அமெரிக்காவில் குடியேறி மின்னணுப் பொறியாளராக வாழ்ந்தார். பிரிட்டனின் மிலிட்டரி கிராஸ் உட்படச் சில விருதுகள் கிடைத்தன. 1993 டிசம்பரில் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபால்ஸ் சர்ச் நகரில் காலமானார்.

வலான்சே நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் உள்ளதா?

இல்லை. பெகே இறங்கி ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 1991 மே 6 அன்று, எலிசபெத் அரசியின் தாயார் திறந்துவைத்த அந்தச் சின்னம் வலான்சேயில் அமைந்ததற்குக் காரணம் பெகேயின் வருகையே. ஆனால் அதில் பொறிக்கப்பட்டுள்ள 104 பெயர்கள், 91 ஆண்களும் 13 பெண்களுமாக, எஃப் பிரிவில் உயிரிழந்தவர்களுடையவை. மோசாக்கில் அவரோடு கம்பளத்தின்மேல் ஊர்ந்து வெளியேறியவர்களில் இருவரின் பெயர்களை அங்கே காணலாம். பின்னர் லில் பகுதியில் ஒரு வலையமைப்பை நடத்தி 1943 நவம்பரில் காவலருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இறந்த மைக்கேல் ட்ரொட்டோபாஸ் ஒருவர். மீண்டும் பிரான்சுக்கு அனுப்பப்பட்டுப் பிடிபட்டு, 1944-இல் ஜெர்மன் சிறையில் மாண்ட கிளெமான் ஜூமோ மற்றவர்.